ஊசியைத் திருகியது நான்தான்!

வலது கை ஆள்காட்டி விரலில் மூன்று தையல். நடுவிரலில் இரண்டு. எங்கள் ஏரோ கிளப் பைலட்டின் கை நிலவரம் இது. ஹாஸ்டல் வார்டனிடம் 'கிரிக்கெட் ஆடினப்போ பால் பட்டுடுச்சு சார்' என்று சொல்லிவைத்திருக்கிறான். பட்டது பால் இல்லை பாஸ்... 18 அங்குல மர புரொப்பெல்லர்! அது ஏன் திரும்பி அடித்தது என்பது கிளப்பில் பதினோரு பேருக்கும் தெரியும். இப்போது உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

(போன வாரம் ஹாஸ்டல் இட்லியை மெட்டீரியல் டெஸ்டிங் லேபுக்குக் கொண்டுபோனதற்கு வந்த பாராட்டுகளுக்கு நன்றி. மெஸ் மாஸ்டர் இன்னும் என்னைப் பார்த்து முறைக்கிறார். இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ், பொறுத்துக்கோங்க.)

ஏரோமாடலிங் என்று சொன்னாலே, 'ஓ... அஜித் பண்றாரே, அதுவா?' என்பார்கள். அதேதான். 2018-ல் சென்னை எம்.ஐ.டி-யின் 'தக்‌ஷா' டீமுக்கு அவர் ஆலோசகராக இருந்தபோது நான் ஸ்கூல் யூனிஃபார்மில் இருந்தேன். 'நானும் பிளேன் செய்யப்போறேன்' என்று அப்பாவிடம் சொல்லி, 'முதல்ல கணக்குல பாஸ் பண்ணு' என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. கணக்கில் ஒரு அரியர் இன்னும் பாக்கி. பிளேன் மட்டும் செய்துவிட்டோம்!

இரண்டு மீட்டர் இறக்கை. பால்சா மரம், பிளைவுட், ஏழு கிலோ எடை. இந்தக் காலத்தில் முக்கால்வாசிப் பேர் பேட்டரியும் மோட்டாரும் வைத்துச் சுலபமாகப் பறக்கவிடுகிறார்கள். நாங்கள் மெக்கானிக்கல் ஆட்கள், எங்களுக்குச் சத்தம் வேண்டும்! ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் போட்டு, 28 ஆயிரம் ரூபாய்க்கு 30 சி.சி. டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் ஒன்று வாங்கினோம். அதில் என் பங்கு, அம்மா சுடிதார் எடுக்கக் கொடுத்த காசு.

எஞ்சின் பார்க்க ரொம்ப எளிமையானது. வால்வு கிடையாது, கியர் கிடையாது. நம்ம பழைய டி.வி.எஸ். எக்ஸெல் மாதிரி பெட்ரோலில் டூ-டி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும்: லிட்டருக்கு சுமார் 33 மில்லி. கார்புரேட்டரில் இரண்டு ஊசி. 'எல்' ஊசி ஐடிலிங்குக்கு, 'எச்' ஊசி முழு வேகத்துக்கு. புரொப்பெல்லர் மாட்டுகிற ஹப்பில் ஒரு குட்டிக் காந்தம் பதித்திருக்கும். அது சுற்றி வந்து ஒரு சென்சாரைக் கடக்கிற நொடியில் சி.டி.ஐ. பெட்டி பிளக்கில் பொறி விடும். அவ்வளவுதான் மொத்த எஞ்சினும். ஊசி, பொறி. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இரண்டு மாசம் நான் பட்ட பாடு இருக்கே!

முதலில் மிக்ஸ்சர். (டீயோடு கொறிக்கிறது இல்லை!) ஒரு கிராம் பெட்ரோல் மிச்சம் இல்லாமல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். ஆனால் எஞ்சினிடம் முழு பவர் வேண்டுமானால் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும், 12.5-லிருந்து 13 கிராம் காற்றுக்கு ஒரு கிராம். ரொம்பத் தாராளமாகிவிட்டால் புகை, கறுத்த பிளக், 'டக்... டக்'கென்று ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிகிற மந்தமான சத்தம். ஊசியை மூட மூட சத்தம் சுத்தமாகும், ஆர்.பி.எம். ஏறும். காதுக்கு அவ்வளவு இனிமையாக இருக்கும். அந்த இனிமையான இடத்துக்கு ஒரு மயிரிழை தள்ளித்தான் எமன் உட்கார்ந்திருக்கிறான்.

ஏனென்றால் டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலுக்குத் தனி வழி கிடையாது. பெட்ரோலோடுதான் வர வேண்டும். பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறைகிறது. ஆவியாகும்போது பெட்ரோல் கொடுக்கிற குளிர்ச்சியும் குறைகிறது. சூடு ஏறுகிற நேரம் பார்த்து எண்ணெயைப் பிடுங்குகிற வேலை இது. ஆக, எஞ்சின் சாகப்போவதற்குச் சற்று முன்னால்தான் பிரமாதமாகப் பாடும். இது எனக்குத் தெரியும். செமஸ்டரில் இதே கேள்விக்குப் பதில் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன்!

பறக்கவிட எங்களுக்கு இடம் கிணத்துக்கடவு தாண்டி ஒரு தரிசு நிலம். பீளமேட்டில் ஏர்போர்ட், சூலூரில் விமானப்படைத் தளம், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. நிலத்துக்காரர் நல்ல மனிதர். சோளத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

முதல் ஞாயிறு. முழு த்ராட்டிலில் டாக்கோமீட்டர் 6,300 காட்டியது. அந்த அளவு புரொப்பெல்லருக்கு 7,200 பக்கம் வந்திருக்க வேண்டும். 'மிக்ஸ்சர் ரிச்சா இருக்கு' என்று தீர்ப்பு சொன்னது நான். ஸ்க்ரூ டிரைவர் என் கையில். 'எச்' ஊசியைக் கடிகார முள் நகர்கிற மாதிரி கொஞ்சம் மூடினேன். 6,400. இன்னும் கொஞ்சம். 6,450. எல்லோரும் கைதட்டினார்கள். நான் இன்னும் கொஞ்சம் மூடினேன். சைலன்சர் பக்கம் கை கொண்டுபோகவே முடியவில்லை. 'வெயில்ப்பா' என்றேன். அடிக்க வராதீங்க!

பிளேன் கிளம்பியது. நாலாவது நிமிஷம், தென்னந்தோப்புக்கு மேலே திரும்பும்போது 'கீஈஈ' என்று ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. வானத்தில் புரொப்பெல்லர் குறுக்காக நிற்பது தரையிலிருந்தே தெரிந்தது. பைலட் கில்லாடி. எஞ்சின் இல்லாமலே மிதக்கவிட்டுக் கொண்டுவந்தான். ஆனால் எங்கே? சோளத்துக்குள்ளேதான்! வீல் செட் பிய்ந்தது. பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேரென்று இருந்தது. சைலன்சரைக் கழற்றி துவாரம் வழியாகப் பார்த்தால், பிஸ்டன் பக்கவாட்டில் செங்குத்தாகக் கீறல்கள். பூனை பிறாண்டின மாதிரி. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

புது பிஸ்டனும் ரிங்கும் வந்து சேர மூன்று வாரம். எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போது சென்சார் பிடிக்கிற வளையத்தின் ஸ்க்ரூ லூஸாக இருந்ததைப் பார்த்தேன். 'அடடே, இதுவும் ஆடுதே' என்று வளையத்தைத் திருப்பி, பிஸ்டன் மேலே வருவதைக் கண்ணால் பார்த்து, உத்தேசமாக ஒரு இடத்தில் நிறுத்தி முறுக்கிவிட்டேன். வேலை முடிய அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த ஞாயிறு, தரையில் கட்டிப்போட்ட பிளேனுக்கு முன்னால் உட்கார்ந்து பைலட் புரொப்பெல்லரைச் சுண்டினான். கனமான தோல் கையுறை போட்டிருந்தான். மூன்றாவது சுண்டில் எஞ்சின் பற்றியது. ஆனால் தலைகீழாக! பழைய புல்லட்டில் கிக்கர் திருப்பி அடிக்குமே, அதே மாதிரி. கையுறை கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்து எனக்குத்தான் மயக்கம் வந்தது, அவனுக்கு இல்லை. மறுநாள் இன்டர்னல்ஸ். எழுத முடியாமல் ஹாலில் உட்கார்ந்துவிட்டு வந்தான்.

புல்லட் ஞாபகம் வந்ததால்தான் அந்த மெக்கானிக் அண்ணாவைத் தேடிப் போனோம். எங்கள் காலேஜ் பக்கத்தில் சந்துக்குள் பட்டறை. ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். பிளேன் எஞ்சினைக் கையில் வாங்கி, குழந்தையைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, டைமிங் பாத்தீங்களா?"

"பாத்தோம்ங்கண்ணா."

"எதுல பாத்தீங்க?"

"கண்ணுலதான்..."

வேட்டியை லேசாக விலக்கி முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பைக் காட்டினார். "எம்பத்தெட்டுல நானும் கண்ணுலதான் பாத்தேனுங்க."

அப்புறம் அவர் சொன்னதுதான் எங்கள் நாலு வருஷ பி.இ-க்கு மேல். "ஊஞ்சல் தள்ளியிருக்கீங்களா? அது நம்மகிட்ட வந்து நின்னு, திரும்பற நேரத்துல தள்ளோணும். வந்துட்டிருக்கறப்பவே தள்ளினா நம்ம கை போயிரும். போனதுக்கு அப்புறம் தள்ளினா காத்தைத்தான் தள்ளிட்டு நிக்கோணும்."

கணக்காகப் பார்த்தால் இப்படி வரும். பெட்ரோல் வெடிப்பதில்லை, எரிகிறது. எரிய நேரம் பிடிக்கும். அழுத்தம் உச்சத்துக்கு வருவது பிஸ்டன் மேலே போய்த் திரும்பி, இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இருக்க வேண்டும். சுமார் 15 டிகிரி தாண்டி. அதற்கு பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 28 டிகிரி முன்னாலேயே பொறி விழுந்தாக வேண்டும் என்பது எங்கள் எஞ்சினோடு வந்த தாளிலேயே இருந்தது. நிமிஷத்துக்கு 7,000 சுற்று ஓடும்போது ஒரு சுற்றுக்கு 8.6 மில்லி விநாடி. அதில் 28 டிகிரி என்பது முக்கால் மில்லி விநாடிகூட இல்லை. அதே 28 டிகிரி, 1,800-ல் ஐடிலிங் ஓடும்போது 2.6 மில்லி விநாடி. அவ்வளவு முன்னால் பற்றவைத்தால் பிஸ்டனைக் கீழே தள்ளுவதற்குப் பதில் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் சி.டி.ஐ. பெட்டி மெதுவாகச் சுற்றும்போது பொறியைத் தானாகவே தள்ளிப்போடுகிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது சென்சார் சொல்வது மட்டும்தான். சென்சாரே தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தால் பாவம், அது என்ன செய்யும்?

உச்சியைக் கண்ணால் பிடிக்கவே முடியாது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். பிஸ்டன் மேலே வந்ததும் கொஞ்ச டிகிரிக்கு அசையாமல் நிற்கிற மாதிரியே இருக்கும். அண்ணாவின் வழி இது: பழைய பிளக் ஒன்றின் பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டு அதில் ஒரு போல்ட்டைப் பொருத்தினார். அதை பிளக் துவாரத்தில் மாட்டினால் பிஸ்டன் உச்சிக்குப் போகாமல் போல்ட்டில் முட்டி நிற்கும். நாங்கள் கம்ப்யூட்டரில் ஒரு 360 டிகிரி வட்டம் பிரின்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, ஹப்பில் மாட்டினோம். முள்ளுக்கு ஒரு கம்பி. ஒரு பக்கம் சுற்றினால் 50-ல் முட்டியது. எதிர்ப்பக்கம் சுற்றினால் 318-ல். அதாவது பூஜ்யத்துக்கு 42 முன்னால். இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் நிஜ உச்சி. நாங்கள் கண்ணால் பார்த்துப் பூஜ்யம் என்று குறித்திருந்ததற்கும் அதற்கும் நாலு டிகிரி வித்தியாசம்!

அடுத்து போல்ட்டை எடுத்துவிட்டு, சரியான பிளக்கை வெளியே வைத்து பாடியில் எர்த் பண்ணி (பெட்ரோல் டேங்கைத் தூரமாகக் கொண்டுபோய் வைத்த பிறகு!), ஹப்பை மெதுவாகத் திருப்பினோம். 'டிக்'. பொறி விழுந்த இடம் 44 டிகிரி. பைலட் தன் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அண்ணா அத்தோடு விடவில்லை. அலுமினியத்தில் வளையம் முதலில் உட்கார்ந்திருந்த தேய்மானத் தடம் லேசாகத் தெரிந்தது. அதில் வைத்து அளந்தால் 17 டிகிரி. சென்சார் இருப்பது மையத்திலிருந்து 15 மில்லிமீட்டரில். ஒரு டிகிரிக்குக் கால் மில்லிமீட்டர்தான். அதிர்வில் ஸ்க்ரூ லூஸாகி வளையம் மூன்று மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. பதினொரு டிகிரி போச்சு.

அப்போதுதான் முதல் ஞாயிறு புரிந்தது. பொறி தாமதமாக விழுந்ததால் பிஸ்டன் இறங்கி எக்ஸாஸ்ட் திறக்கும்போதும் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. தள்ள வேண்டிய சூடு சைலன்சருக்குப் போனது. அதனால்தான் 6,300. அதனால்தான் அந்தக் கொதிப்பு. ஊசியில் தப்பே இல்லை! சரியாக இருந்த ஊசியை, எங்கேயோ இருந்த தப்புக்காக, நான் மூடினேன். கிடைத்த 150 ஆர்.பி.எம்-க்குக் கைதட்டு வேறு வாங்கினேன்.

'டைமிங்கால் வேகம் இவ்வளவு மாறுமா?' என்று ஒரு ஜூனியர் கேட்டான். மாறும் தம்பி. 1903-ல் ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு அவர்கள் சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் செய்துகொடுத்த எஞ்சின், 12 குதிரைத்திறன். அதில் த்ராட்டிலே கிடையாது. வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ அவர்களிடம் இருந்த வழி, பொறி விழும் நேரத்தை முன்பின் நகர்த்துவதுதான்.

எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணா கேட்டார், "ஆமா, இது லிட்டருக்கு எத்தனை குடுக்கும்?" நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு சூப்பர் பதில் இருந்தது. அமெரிக்காவில் மேனார்ட் ஹில் என்று ஒருவர். 77 வயசில், கண் பார்வை பெரும்பாலும் போன நிலையில், ஐந்து கிலோவுக்குள் ஒரு மாடல் பிளேன் செய்து அட்லாண்டிக் கடலைத் தாண்ட வைத்தார். 2003 ஆகஸ்ட் 9-ம் தேதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பி, 11-ம் தேதி அயர்லாந்தில் இறங்கியது. கிட்டத்தட்ட 39 மணி நேரம், 3,000 கிலோமீட்டருக்கு மேல். குடித்தது ஒரு அமெரிக்க கேலனுக்கும் குறைவு. லிட்டருக்கு 800 கிலோமீட்டர்!

அண்ணா நம்பவில்லை. அப்புறம் எஞ்சினைப் பற்றிச் சொன்னேன். அது 10 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக். கடையில் வாங்கும்போது அது குளோ பிளக் எஞ்சின். அதாவது பொறியே கிடையாது. 1947-ல் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த சமாசாரம் அது. பிளாட்டினக் கம்பிச் சுருள் ஒன்று கனன்றுகொண்டே இருக்கும், மெத்தனாலைப் பற்றவைக்கும். எப்போது பற்றும் என்பதை நாம் நேராக நிர்ணயிக்க முடியாது. தவிர மெத்தனாலுக்கு ஒரு கிராமுக்கு 6.4 கிராம் காற்றே போதும். அதாவது அதே காற்றுக்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கும். ஹில் அதைத் தூக்கிவிட்டு ஸ்பார்க் பிளக் மாட்டினார். பெட்ரோல் வகையைச் சேர்ந்த லாந்தர் விளக்கு எரிபொருளை ஊற்றினார். கார்புரேட்டரில் எரிபொருள் போகும் வழியைச் சுருக்கினார். முந்தைய முயற்சிகள் கடலோடு போனபோதும் விடவில்லை. அண்ணா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மெக்கானிக்குனா அவருங்க" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். இப்போது நம் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கு 14.7 கணக்கு செல்லாது, சுமார் 13.5. அதாவது பழைய பெட்ரோலுக்கு வைத்த ஊசி இதற்குக் கொஞ்சம் 'லீன்'. திறந்து வைக்க வேண்டும். ஊட்டிக்குக் கொண்டுபோனால் கதை தலைகீழ். அங்கே காற்று, கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு லேசு. ஊசியை மூட வேண்டும். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஏழு டீயும் பன்னும் எங்கள் செலவு.

போன ஞாயிறு. சென்சார் 28-ல். ஸ்க்ரூவில் லாக்டைட், அதற்கு மேல் அடையாளத்துக்கு நெயில் பாலிஷ் கோடு (என்னுடையது, சிவப்பு). ஊசிகள் இரண்டும் ஒன்றரைச் சுற்றுத் திறந்தபடி. பைலட் வந்து புரொப்பெல்லர் முன்னால் உட்காரவில்லை. ரப்பர் சுற்றிய கட்டையை என்னிடம் நீட்டினான்.

"டைமிங் வெச்சது நீதானே? நீ ஸ்டார்ட் பண்ணு."

கிண்டலாகச் சொன்னானா, நிஜமாகவா என்று முகத்தில் தெரியவில்லை. பதினோரு பேரும் சும்மா நின்றார்கள். உட்கார்ந்தேன். கட்டையைப் பிடித்த கை ஆடியது. முதல் தள்ளு, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒரு 'புஸ்'. சோக்கை எடுத்தார்கள். நான் 44 என்ற எண்ணையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தள்ளில் கட்டையிலிருந்து புரொப்பெல்லர் வழுக்கிக்கொண்டு முன்பக்கமாக ஓடியது. சரியான பக்கம்!

கொஞ்சம் சூடானதும் பின்னால் போய் 'எச்' ஊசியை மூடினேன். 7,150 வந்து அதற்கு மேல் ஏறவில்லை. அங்கேயே விட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது, அவ்வளவு அழகான சத்தம். திறந்தேன். 6,950-க்கு இறங்கி, தொண்டை லேசாகக் கரகரத்தது. மேலே போனதும் புரொப்பெல்லருக்குப் பாரம் குறையும், ஆர்.பி.எம். ஏறும், மிக்ஸ்சர் தானாகவே கொஞ்சம் லீன் ஆகும். அதற்குத்தான் அந்த 200. இரண்டு பேர் பிளேனைத் தூக்கி மூக்கு வானத்தைப் பார்க்கப் பிடித்தார்கள். அப்போதும் சத்தம் மாறவில்லை.

ஒன்பது நிமிஷம் பறந்தது. இறங்கினதும் எல்லோரும் பிளேனைச் சுற்றி ஓட, பைலட் தையல் போட்ட கையாலேயே ஸ்பேனர் பிடித்து பிளக்கைக் கழற்றி என் மூக்குக்கு நேரே நீட்டினான். நல்ல டீ கலர். சைலன்சரைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. ஆனால், கையை ஒரு நொடி வைக்க முடிந்தது.

சோளத்துக்கு நிலத்துக்காரரிடம் இன்னும் 600 ரூபாய் பாக்கி. அதற்கு கிளப்பில் வசூல் நடக்கிறது. அடுத்த வாரம்: லேப் ரெக்கார்டை ஒரே ராத்திரியில் எழுதி முடிக்கும் கலை! ஜூட்!